குடல் ஆபரேஷனுக்குப் பிறகு: தையலைத் தாண்டிக் கவனிக்க வேண்டியவை

குடல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களும் கூட இருப்பவர்களும் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் காயத்தைப் பற்றித்தான். தையல் எப்போது பிரிப்பீர்கள், குளிக்கலாமா, மாடி ஏறலாமா. குடலில் எந்தப் பகுதியை எடுத்தீர்கள், எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் இனி அந்த உடம்பில் எந்தச் சத்து குறையும், எந்த உறுப்பு பாதிக்கப்படும் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நாம் குடிப்பதோடு எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8 லிட்டர் திரவம் குடலுக்குள் போகிறது. மலத்தோடு வெளியேறுவது சாதாரணமாக 200 மில்லிகூட இருக்காது. மற்றதையெல்லாம் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை மாட்டியிருப்பவர்களுக்குப் பெருங்குடலின் உதவி கிடைக்காது, அதனால் தண்ணீரும் சோடியமும் மெக்னீசியமும் பையில் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளில் பையில் சேருவது ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்போது தாகம் கடுமையாக இருக்கும், பலரும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். சிக்கலே இங்கேதான். வெறும் தண்ணீர் சிறுகுடலில் இறங்கியதும் ரத்தத்திலிருக்கும் சோடியம் குடலுக்குள் கசிந்து அதுவும் பைக்குப் போய்விடும், குடிக்கக் குடிக்கப் பை நிறையுமே தவிர தாகம் அடங்காது, சிறுநீர் குறையும், எழுந்தால் தலை சுற்றும், அதற்கு முன் சிறுநீரகக் கோளாறே இல்லாதவர்கூட, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறி மறுபடி வார்டில் படுக்க நேரும். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த கரைசல்தான் இவர்களுக்கு வேண்டும். குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூடவே கொண்டுபோகும், தண்ணீர் அதன் பின்னால் போகும். எந்தக் கரைசல், எவ்வளவு, வெறும் தண்ணீர் எவ்வளவு வரை என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இதயநோய் இருந்தால் கட்டாயம். இன்னொன்று, பொட்டாசியம் மாத்திரை எடுத்தும் அளவு ஏறவில்லையென்றால் மெக்னீசியம் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் உடம்பில் தங்காது.

வைட்டமின் பி12 கதை வேறு. முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கும், சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கணிசமாக இழந்தவர்களுக்கும் உணவிலிருந்து பி12 சரியாகச் சேராது, ஆனால் கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடங்கள் ஓட்டிவிடும். அப்புறம் கால் மரத்துப்போகும்போது வயசு, சர்க்கரை என்று ஏதாவது காரணம் சொல்வார்கள், பழைய ஆபரேஷன் யாருக்கும் நினைவுக்கு வராது. தாமதித்தால் நரம்புப் பாதிப்பு முழுமையாகச் சரியாகாமலே போகலாம். நன்றாக இருக்கும்போதும் பி12 ஊசியை நிறுத்தாதீர்கள்.

சிறுகுடலின் அதே கடைசிப் பகுதி போய்ப் பெருங்குடல் மிஞ்சியிருப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுதல். எடைகுறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி நிற்காமல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தியால் தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்தால் மூளையே பாதிக்கப்படும், குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன்பே தயமின் போட வேண்டும்.

கடைசியாக மாத்திரைகள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் நீளம் குறைந்த குடலில் கரையாமலே வெளியேறிவிடலாம். பையில் முழு மாத்திரை தென்பட்டால் அதன் பெயரைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள், திரவமாகவோ வேறு வகையாகவோ மாற்றித் தருவார்.