ஐட்லிங் என்றால் வெற்றோட்டம்

கொழும்பில் கார் வைத்திருப்பவர்கள் கராஜுக்குப் போய் 'ஐட்லிங் சரியில்லை' என்பார்கள். வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடுவதுதான் ஐட்லிங். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துபோனாலும் அதே பேச்சு, ஸ்டியரிங் நடுங்கினாலும் அதே பேச்சு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் ஏறி இறங்கினாலும் அதே பேச்சுதான். மூன்றும் வேறு வேறு கோளாறுகள். சொல் தெளிவாக இருந்தால் பாதித் தேடல் மிச்சம்.

ஆங்கிலத்தில் 'ஐடில்' என்றதும் இன்று சோம்பல்தான் நினைவுக்கு வரும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெறுமை என்று பொருள். பயனற்றது, வேலையற்றது என்பதெல்லாம் அதையொட்டி வளர்ந்தவை. ஜெர்மானியர் எஞ்சினின் இந்த நிலையை 'லேர்லௌஃப்' என்கிறார்கள். லேர் என்றால் வெறுமை, லௌஃப் என்றால் ஓட்டம். பிரெஞ்சுக்காரர்களின் 'ரலான்தி'யில் வேகம் குறைந்தது என்ற பொருள் மட்டுமே இருக்கிறது.

தமிழில் சிலர் 'செயலற்ற வேகம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சிக்னலில் நிற்கும் எஞ்சின் செயலற்றா இருக்கிறது? பெட்ரோலை எரித்துத் தன்னைத்தானே சுழற்றுகிறது; ஒயில் பம்பையும் ஓல்டர்னேட்டரையும் சுற்றுகிறது; கொழும்பு வெயிலில் ஏசி கம்ப்ரசரையும் இழுக்கிறது. சக்கரத்துக்கு மட்டும் எதுவும் போகவில்லை. அதனால் வெற்றோட்டம் என்பதே சரி. வெறுங்கை என்றால் கை இல்லை என்றா பொருள்? கை இருக்கிறது, அதில் பொருள் இல்லை. அதுபோல ஓட்டம் இருக்கிறது, சுமக்க வண்டி இல்லை. ஐடில் ஸ்பீடை வெற்றோட்ட வேகம் எனலாம். மிட்சுபிஷியின் 4ஜி63 டர்போ எஞ்சினில் அது சூடேறிய பிறகு, மாதிரியைப் பொறுத்து, சுமார் 750 முதல் 850 ஆர்பிஎம்.

முள் ஏறி இறங்குவதை மெக்கானிக்குகள் 'ஹன்டிங்' என்பார்கள், அதாவது வேட்டை. எஞ்சின் தன் வேகத்தைத் தேடித் திரிகிறதாம். இதற்கு அலைவு என்ற நம் சொல் அப்படியே பொருந்துகிறது. பௌதிகப் பாடத்தில் ஊசல் இங்குமங்கும் ஆடுவதும் அலைவு. ஒன்றைத் தேடி அலைவதும் அதே வேர்.

நண்பன் ஒருவனின் டர்போ காரில் இந்த அலைவை அருகிலிருந்து பார்த்தேன். வெள்ளவத்தையில் காலி வீதி சிக்னல். முள் 800க்கும் 1,500க்கும் இடையில் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கியது. "மச்சான், ஐடில் ஸ்க்ரூவத் திருப்பித் திருப்பிப் பாத்தாச்சு, திரும்பவும் இதே கதைதான்" என்றான். பிறகு ஒரு வயதான மெக்கானிக் குறடு ஒன்றை எடுத்து, எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் இருந்து போகும் ரப்பர் குழாய்களைத் துணி சுற்றி ஒவ்வொன்றாக நெரித்தார். நான்காவதை நெரித்ததும் முள் அசையாமல் நின்றது. "தம்பி, இதுதான் திருட்டுக் காத்துக் குடிக்குது" என்றார். குழாயை வளைத்துக் காட்டினார். வெப்பத்தில் இறுகி, நகக்கீறல் போல ஒரு வெடிப்பு.

திருட்டுக் காற்று! எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு; அது அளக்காத காற்றுக்கு இதைவிட நல்ல தமிழ் இல்லை. அந்தக் காற்றால் எஞ்சின் வேகம் ஏறுகிறது. காற்று போகும் கதவான த்ரொட்டில் மூடியிருக்க வேகம் மட்டும் ஒரு வரம்பைத் தாண்டியதும், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டார் என்று கணினி எண்ணிப் பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுகிறது, பெட்ரோல் திரும்ப வருகிறது, மறுபடி ஏறுகிறது. ஸ்க்ரூவைத் திருப்பினால் இந்தச் சுற்று நிற்காது.

சக்தி கூட்டிய கார்களில் இன்னும் சில காரணங்கள் உண்டு. த்ரொட்டில் மூடும்போது டர்போவின் மிகைக் காற்றைத் திறந்துவிடும் புளோ-ஓஃப் வால்வை வெளியே திறக்கும் வகையாக மாற்றினால், சென்சார் அளந்த காற்று வெளியே போய்விடும், பெட்ரோல் மட்டும் மிகும். கிளச்சை மிதித்து நிற்கும்போது வேகம் விழுந்து எஞ்சின் தடுமாறும். இது அலைவு இல்லை, விழுகை. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டைப் பெரிதாகப் போட்டால், காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடிக் குறைந்த வேகத்தில் எஞ்சின் குலுங்கும். அது கோளாறே அல்ல. வெற்றோட்ட வேகத்தைக் கொஞ்சம் உயர்த்தி ட்யூன் செய்தால் அடங்கும். ஏசி போட்டதும் அணைகிறதா? அப்படியென்றால் முதலில் த்ரொட்டிலையும், வெற்றோட்டத்தில் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வையும் கழற்றிக் கரியைத் துடைக்க வேண்டும்.

அடுத்த முறை பஞ்சிகாவத்தைக்குப் பாகம் தேடிப் போகும் முன் கராஜில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சூடான பிறகு வெற்றோட்டத்தில் அலைவு இருக்கு, ஏசி போட்டா விழுகை இல்லை." எந்தக் குழாயை நெரிப்பது என்று மெக்கானிக் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.