அடி வாங்கியது நீங்கள், வீடியோ யாருடையது?

போன வருடம் ஒரு குத்துச்சண்டை வீரர் என்னிடம் வந்தார். மூன்றாவது ரவுண்டில் எதிராளியை நாக்அவுட் செய்த காட்சி, மொத்தமே நாற்பது நொடி, அதைத் தன் யூடியூப் சேனலில் போட்டிருக்கிறார், ஸ்ட்ரைக், அதாவது காப்புரிமைப் புகாரின் பேரில் யூடியூப் தரும் எச்சரிக்கை, வந்துவிட்டது. "வீடியோவில் இருக்கிறதே நான்தானே சார், என் மேலேயே காப்புரிமைப் புகாரா?" என்றார்.

நியாயமான கோபம்தான். ஆனால் சண்டை வேறு, அதன் பதிவு வேறு. விளையாட்டுப் போட்டி ஒரு 'படைப்பு' ஆகாது என்று 2011இல் ஒரு கால்பந்து வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதைப் படம்பிடித்து, வர்ணனை, கிராபிக்ஸ் எல்லாம் சேர்த்து வெளிவரும் ஒளிபரப்புக்கு உரிமை உண்டு. அது பெரும்பாலும் வீரரிடம் இருக்காது.

ஒப்பந்தத்தைக் கேட்டேன். சம்பளத் தொகை இருக்கும் பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து வைத்திருந்தார்! முழுசாக வாங்கிப் பார்த்தால் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, எக்காலத்துக்கும் பதிவுகள் ப்ரமோட்டருக்கே, அதாவது சண்டையை ஏற்பாடு செய்பவருக்கே.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் மொத்த உரிமையையும் கையில் வைத்திருக்கும் லீக் எதுவும் கிடையாது. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு ப்ரமோட்டர், ஒரு ஒப்பந்தம், நாட்டுக்கு நாடு வேறு சேனல், அதிலும் நேரலை உரிமை ஒருவரிடம், பழைய பதிவைக் காட்டும் உரிமை இன்னொருவரிடம் என்று சிதறிக் கிடக்கும். 2015இல் மேவெதர், பாக்கியாவ் மோதியபோது இருவரும் ஆளுக்கொரு சேனலோடு ஒப்பந்தத்தில் இருந்ததால், பரம எதிரிகளான அமெரிக்க சேனல்கள் எச்பிஓவும் ஷோடைமும் சேர்ந்து ஒளிபரப்ப வேண்டியிருந்தது. எச்பிஓ 2018இலும் ஷோடைம் 2023இலும் குத்துச்சண்டையையே விட்டுவிட்டன. நேற்றுவரை இருந்த சண்டை இன்று ஏன் எங்கேயும் கிடைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு பாதி பதில் இதுதான். வீரர் மேடைக்கு நடந்து வரும்போது ஒலிக்கிற பாட்டின் உரிமம் முடிந்துவிட்டால் அதுவும் ஒரு தலைவலி.

கறுப்பு வெள்ளை என்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் தப்பு. ஜிம் ஜேக்கப்ஸும் பில் கேட்டனும் என்ற இரண்டு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்கிச் சேர்த்த பழைய சண்டைப் படச்சுருள்கள் 1998இல் இஎஸ்பிஎன் விளையாட்டு சேனலின் கைக்குப் போயின. பழசுக்கும் ஆள் இருக்கிறது.

பத்து நொடி போட்டால் பிரச்சினையில்லை, 'உரிமை உரியவருக்கே' என்று கீழே எழுதிவிட்டால் போதும், படத்தை இடவலமாகத் திருப்பினால் தப்பிக்கலாம்: இந்த மூன்றையும் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். எதுவும் காப்பாற்றாது. க்ளெய்ம், அதாவது வீடியோ மீது உரிமை கோரல், மட்டும் வந்தால் பெரும்பாலும் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும் அல்லது வீடியோ முடங்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரைக் அப்படியில்லை, 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். கோபத்தில், புகார் தவறு என்று யூடியூபுக்கு எதிர் மனு போட்டுவிடாதீர்கள், பொய்யாகச் சொன்னால் தண்டனை உண்டு என்பதை ஏற்றுத்தான் அதில் கையெழுத்திடுகிறீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு வரி கேளுங்கள்: சண்டை முடிந்து இத்தனை நாள் கழித்து, இத்தனை நிமிடம் வரை என் பக்கத்தில் போட்டுக்கொள்ள அனுமதி. கூடவே பயிற்சிக்கு ஒரு முழுப் பிரதி. ப்ரமோட்டருக்கு இதில் பைசா நஷ்டமில்லை, நான் கேட்டவரையில் மறுத்தவர்கள் குறைவு.

இவர் விஷயத்தில் ப்ரமோட்டர் அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு மெயில் எழுதினோம். இரண்டு வாரத்தில் ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெற்றார்கள், முப்பது நொடிக்கு மேல் போகக் கூடாது, அவர்கள் லோகோ தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. போன வாரம் அடுத்த சண்டைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பினார். இந்த முறை ஒன்பது பக்கமும் வந்தது.