டிடக்டிபிள்: கம்பெனி கழிக்கறதா, நம்ம கைக்காசா?

வேலை கிடைச்சு வெளிநாடு போறவங்க, அதுவும் அமெரிக்கா, சுவிட்சர்லாந்து மாதிரி ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சாலே பர்ஸ் காலியாகற நாட்டுக்குப் போறவங்க, ஹெல்த் இன்சூரன்ஸ் பேப்பர்ல மொதல்ல தேடறது மாசம் எவ்வளவு பிரீமியம்ங்கறதத்தான். பக்கத்துலயே டிடக்டிபிள்னு ஒரு வரி இருக்கும், அதுல 500னோ 1,500னோ 3,000னோ ஒரு நம்பர் போட்டிருக்கும், "ஏதோ டிடக்‌ஷனாம், கம்மி பண்ணித் தருவாங்க போல"ன்னு தாண்டிப் போயிடுவோம். நிஜத்துல அது நம்ம கையில இருந்து போற காசு. அந்த நம்பர் தீர்ற வரைக்கும் பெரும்பாலான செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு டாலர் கூட எடுத்து வைக்காது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதி காரணம் அந்த வார்த்தையேதான். லத்தீன்ல 'டூகெரே'ன்னா இட்டுட்டுப் போறது, நடத்திக் கூட்டிட்டுப் போறது. பஸ்ல டிக்கெட் குடுக்கற கண்டக்டர், ஏசி காத்து போற டக்ட் எல்லாம் இதே வேர்ல வந்ததுதான். முன்னாடி 'டே' சேர்ந்தா கீழ, விலக்கின்னு அர்த்தம், ஆக 'டேடூகெரே'ன்னா ஒண்ணுல இருந்து தனியா எடுத்துட்டுப் போறது. அதுதான் கழிக்கறதுக்கான டிடக்ட் ஆச்சு, கூடவே 'முடியும்'ங்கற விகுதி ஒட்டி 'கழிக்கக்கூடிய'ன்னு ஒரு பெயரடை, அப்புறம் இன்சூரன்ஸ்காரங்க பேசிப் பேசி அதையே பெயர்ச்சொல்லா ஆக்கிட்டாங்க. யார் கழிக்கறாங்க, எதுல இருந்துன்னு பாத்தீங்கன்னா கதை புரிஞ்சுடும். கம்பெனி, தான் தரவேண்டிய கிளைம் தொகைல இருந்து கழிக்குது. அதாவது இது முழுக்க கம்பெனி சைடுல நின்னு வெச்ச பேரு. வருமான வரி பேச்சுல இதே டிடக்டிபிள் நமக்கு லாபம், வரி கட்டவேண்டிய வருமானத்துல இருந்து கழியும். இங்க தலைகீழ்.

பிரிட்டிஷ் பாணில எழுதற பாலிசில இதுக்கு எக்ஸெஸ்னு பேரு, வெளிநாட்டுல போய் வேலை பாக்கறவங்களுக்காக, பல நாட்டுக்கும் செல்லுபடியாகற எக்ஸ்பாட் பாலிசிகள்ல இதான் அடிக்கடி வரும். எக்ஸெஸ்னு பாத்துட்டு எக்ஸ்ட்ரா பெனிஃபிட்னு நெனச்சுடாதீங்க. சுவிட்சர்லாந்துல பிரான்சைஸ். கடை பிரான்சைஸ் இல்லைங்க, பிரெஞ்சுல 'ஃப்ராங்'னா சுதந்திரமான, கட்டுப்பாடு இல்லாத; அந்த எல்லை வரைக்கும் கம்பெனிக்குப் பொறுப்பு இல்ல, அது ஃப்ரீ. மறுபடியும் கம்பெனியோட சுதந்திரம்தான், நம்மளோடது இல்ல! ஜெர்மன் ஒண்ணுதான் நேர்மையா 'ஸெல்ப்ஸ்ட்பெஹால்ட்'னு, நாமளே வெச்சுக்கற பங்குன்னு சொல்லுது, ஆனா சுவிஸ்காரங்க அந்த வார்த்தைய வேற ஒண்ணுக்குப் பயன்படுத்தறாங்க, அது கீழ வருது.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? கழிவுத்தொகைன்னு சிலர் எழுதறாங்க. எனக்கு இது சுத்தமா ஒத்துவரல. கழிவுன்னா குப்பை ஞாபகம் வரும், இல்லன்னா தள்ளுபடி ஞாபகம் வரும், ரெண்டும் இங்க தப்பு. கழிக்கத்தக்க தொகைன்னா இலக்கணமா சரி, ஆனா வார்த்தைக்கு வார்த்தை மாத்தினதுங்கறதால அதே கம்பெனி பார்வை அப்படியே வந்து உக்காந்துக்குது. சம்பளத்துல பிடிக்கறதுக்கு நாம சாதாரணமா சொல்ற பிடித்தம், மூலச்சொல்லுக்கு இதுதான் கிட்டக்க வருது, "கிளைம்ல இவ்வளவு பிடிச்சுக்குவாங்க"ன்னா யாருக்கும் புரியும். ஆனா நடைமுறைல பல நேரம் கம்பெனி நம்ம கையில பணம் தந்து அதுல பிடிக்கறதில்ல, ஆஸ்பத்திரி பில்லுதான் நம்ம பேருக்கு நேரா வருது. அதனால என் ஓட்டு தன்பொறுப்புத் தொகைக்கு. காப்பீடுன்னா காப்பு பிளஸ் ஈடு, போனதுக்கு ஈடு கட்டறது. எந்த இடத்துல இருந்து ஈடு கட்ட ஆரம்பிக்கறாங்க, அதுக்கு முன்னாடி வரைக்கும் யார் பொறுப்புங்கறத இந்தச் சொல் மறைக்காம சொல்லிடுது. பேச்சுல கைக்காசுன்னே சொல்லலாம், தப்பில்ல.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். அமெரிக்க பிளான், தன்பொறுப்பு 1,500 டாலர், அதுக்கு மேல வர்ற செலவுல நம்ம பங்கு, அதாவது கோ-இன்சூரன்ஸ், 20 சதவீதம். ஆஸ்பத்திரி 11,000 டாலர்னு பில் போடுது, அது நெட்வொர்க்ல, அதாவது கம்பெனியோட ஒப்பந்தம் போட்ட பட்டியல்ல, இருக்கற ஆஸ்பத்திரிங்கறதால ஒப்பந்த ரேட்டு 6,500தான்னு வெச்சுக்குவோம். மொத 1,500 நம்மளது, மிச்சம் 5,000ல 20 சதவீதம், 1,000, அதுவும் நம்மளது. ஆக 2,500 நாம, 4,000 கம்பெனி. இதெல்லாம் எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்னு ஒரு லெட்டர்ல வரும், பில் போட்ட தொகை, அனுமதிச்ச தொகை, பிளான் கட்டினது, நீங்க கட்டவேண்டி இருக்கலாம்னு வரிசையா கட்டம் போட்டு, "இது பில் இல்லை"ன்னும் போட்டிருக்கும். நெஜமாவே பில் இல்ல, அதப் பாத்து உடனே பணம் கட்டிடாதீங்க, ஆஸ்பத்திரி பில் வந்ததும் ரெண்டு நம்பரும் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுக் கட்டுங்க. நெட்வொர்க்ல இல்லாத டாக்டர்கிட்ட போனா அந்தச் செலவு பல பிளான்கள்ல இந்த 1,500 கணக்குல சேரவே சேராது. மாசாமாசம் கட்டற பிரீமியமும் சேராது.

வருஷத்துக்கு ஒரு தடவையா, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு தடவையாங்கறதத்தான் புதுசா போறவங்க கட்டாயம் கேக்கணும். ஆபீஸ் குடுக்கற பிளான்ல பெரும்பாலும் வருஷக் கணக்கு. விசிட்டர், எக்ஸ்பாட் பாலிசி சிலதுல ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியா, காய்ச்சலுக்கு ஒரு 250, அடுத்த மாசம் கால் பிசகினா இன்னொரு 250. அமெரிக்காவுக்கு ஜே-1ங்கற பரிமாற்றத் திட்ட விசால போறவங்களுக்கு அரசாங்க விதியிலயே இது இருக்கு, ஒரு விபத்து இல்லன்னா ஒரு நோய்க்கு தன்பொறுப்பு 500 டாலருக்கு மேல இருக்கக்கூடாது, கவரேஜ் குறைஞ்சது 1,00,000 டாலர் இருக்கணும்.

சுவிஸ்ல போய் இறங்கின மூணு மாசத்துக்குள்ள அடிப்படை காப்பீடு எடுத்தே ஆகணும், எப்ப எடுத்தாலும் அந்த மூணு மாசத்துக்குள்ளன்னா கவர் வந்து குடியேறின நாள்ல இருந்து கணக்கு, பிரீமியமும் அன்னைல இருந்துதான். பெரியவங்களுக்கு பிரான்சைஸ் 300 சுவிஸ் ஃப்ராங்க்ல இருந்து 2,500 வரைக்கும் நாமளே தேர்ந்தெடுக்கலாம், கூட்டினா பிரீமியம் குறையும். அது தீர்ந்தப்புறம் வர்ற செலவுல 10 சதவீதம், வருஷத்துக்கு 700 ஃப்ராங்க் வரைக்கும் நாம கட்டணும், இதத்தான் அங்க ஸெல்ப்ஸ்ட்பெஹால்ட்ங்கறாங்க. பெருசா நோய் நொடி இல்ல, அவசரத்துக்குக் கையில சேமிப்பும் இருக்குன்னா 2,500 எடுக்கறது கணக்குக்குச் சரியா வரும். சேமிப்பே இல்லாம பிரீமியம் குறையுதேன்னு எடுக்கறது ஆபத்து.

அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம்னு இன்னொண்ணு இருக்கு, கைச்செலவு உச்சவரம்பு. தன்பொறுப்பு, கோ-பே (ஒவ்வொரு தடவை டாக்டரப் பாக்கறப்பவும் கட்டற நிலையான தொகை), கோ-இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து இதத் தாண்டினா நெட்வொர்க்குக்குள்ள கவர் ஆகற மிச்சத்த முழுசா கம்பெனி பாத்துக்கும். அமெரிக்க சட்டப்படியான பிளான்கள்ல 2025ல இது தனியாளுக்கு அதிகபட்சம் 9,200 டாலரா இருந்துச்சு. விசிட்டர் பாலிசிக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, அங்க கம்பெனி எவ்வளவு வரைக்கும் தரும்ங்கறதுக்குத்தான் வரம்பு, நாம கட்டறதுக்கு இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக்கூடாது.

அமெரிக்காவுல ரொம்ப நாளா இருக்கறவங்க "டிடக்டிபிள் மீட் ஆயிடுச்சு, டிசம்பருக்குள்ள எல்லாத்தையும் பாத்துடணும்"னு பேசிக்கறதக் கேக்கலாம், அந்த வருஷத் தன்பொறுப்பு முழுசா கட்டியாச்சுன்னு அர்த்தம். காலண்டர் வருஷ பிளான்ல ஜனவரி 1 ஆனா மீட்டர் மறுபடி பூஜ்யம். அக்டோபர்ல போய் இறங்கி, நவம்பர்ல ஒரு ஆபரேஷன் பண்ணி 1,500 கட்டினவருக்கு, அதே ஆபரேஷனோட ஜனவரி ஸ்கேனுக்கு இன்னொரு 1,500 கணக்கு தொடங்கிடும். சில கம்பெனில பிளான் வருஷம் ஜூலைலயோ வேற மாசத்துலயோ ஆரம்பிக்கும், சேர்ற அன்னைக்கே ஹெச்ஆர்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க.