சாக்கடையை விடுங்கள், டிரம் மூடியைத் திறந்து பாருங்கள்

போன வாரம் ஒரே சந்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் மலேரியா. கடைசியாக வந்த அண்ணாச்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். “டாக்டரம்மா, எங்க சந்துச் சாக்கடைய போன மாசந்தான் சிலாப் போட்டு மூடுனாங்க. இப்ப நாத்தமே கிடையாது. அப்புறம் எனக்கு எப்படி மலேரியா வரும்? ரிப்போர்ட் மாறிப்போச்சான்னு பாருங்க.”

ரிப்போர்ட் மாறவில்லை. தாராவியில் கிளினிக் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே பேச்சைக் கேட்கிறேன். இந்த வருஷம் என் பொறுமை போய்விட்டது.

மும்பையில் மலேரியாவைப் பரப்புவது சாக்கடைக் கொசு இல்லை. அதைப் பரப்பும் கொசுவின் பெயர் அனாஃபிலஸ் ஸ்டெஃபன்சி. முட்டையிட அது தேடிப்போவது தெளிந்த தண்ணீரை. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய தண்ணீர், உங்கள் வீட்டு நீல டிரம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸும் அதே ரகம்தான், பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரே அதற்குப் போதும். சாக்கடையில் பெருகுவது க்யூலெக்ஸ். அது யானைக்கால் நோயைக் கொண்டுவரும், ராத்திரி தூங்கவிடாது, ஆனால் மலேரியா தராது. சாக்கடையை மூடியது நல்லதுதான். காலராவும் டைஃபாய்டும் குறையும். மலேரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

‘நாற்றம் இருந்தால் நோய், நாற்றம் போனால் நோயும் போச்சு’ என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1896இல் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்தபோது சாக்கடைகளில் கார்பாலிக் அமிலத்தையும் கடல் தண்ணீரையும் ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். பிளேக் நின்றபாடில்லை. அதைப் பரப்பியது எலியின் உடம்பில் இருந்த தெள்ளுப்பூச்சி என்று பால் லூயி சிமோன் 1898இல்தான் கண்டுபிடித்தார்.

மலேரியா கதை இன்னும் நம் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் பார்த்தது 1897இல், செகந்திராபாத்தில். அதற்குப் பிறகு பம்பாயில் மலேரியா ஏன் இவ்வளவு என்று ஆராய பென்ட்லி என்ற டாக்டரை அமர்த்தினார்கள். 1911இல் வந்த அவருடைய அறிக்கை கையை நீட்டியது சேற்றுப் பக்கம் அல்ல, வசதியான வீடுகளின் முற்றத்துக் கிணறுகளையும் தொட்டிகளையும். விஹார் ஏரித் தண்ணீர் 1860லிருந்தே குழாயில் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் வீட்டுக் கிணற்றை யாரும் விடவில்லை. கிணறுகளை மூடச் சொன்னதும் பெரிய எதிர்ப்பு. பூஜைக்கும் சடங்குக்கும் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று இந்துக்களும் பார்சிகளும் வாதாடினார்கள். சர்ச்கேட் பக்கம் போனால் 1725இல் தோண்டிய, பார்சிகளின் பிக்கா பெஹ்ராம் கிணற்றை இன்றைக்கும் பார்க்கலாம். ‘இவ்வளவு சுத்தமான தண்ணீரிலா நோய்?’ என்பதுதான் அவர்களுக்கும் புரியவில்லை. நூறு வருஷம் தாண்டி அண்ணாச்சி கேட்டதும் அதே கேள்விதான்.

அன்று ராத்திரி கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் இரண்டு நீல டிரம். குழாயில் தண்ணீர் வருவது கொஞ்ச நேரம்தான், பிடித்து வைக்காமல் முடியாது. அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு டிரம்மின் மூடி உடைந்திருந்தது, மேலே ஒரு பலகை. விலக்கி, செல்போன் டார்ச்சை அடித்தேன். அடி தெரிகிற அளவுக்குத் தெளிவான தண்ணீர். மேற்பரப்போடு ஒட்டி, சின்னக் குச்சிகள் மாதிரிப் படுத்துக் கிடந்தன கொசுப் புழுக்கள். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் வேறு இனம், இப்படிப் படுத்துக் கிடந்தால் அனாஃபிலஸ். வெளிச்சம் பட்டதும் விருட்டென்று பின்னோக்கி நகர்ந்தன. அண்ணாச்சி ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “இதுலதாம்மா சோறு வடிக்கோம்” என்றார்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் டிரம்மைக் கடைசிச் சொட்டு வரை காலி பண்ணுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது, உள்சுவரை நாரால் தேயுங்கள். ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். மூடி இல்லையா, நெருக்கமாக நெய்த துணியை இழுத்துக் கட்டுங்கள். பலகை மூடி ஆகாது. கூரைத் தார்ப்பாய்மேல் பாரத்துக்கு டயர் வைக்கிறீர்களே, அதை இன்றைக்கே இறக்குங்கள், டயருக்குள் நிற்கிற தண்ணீரை யார் போய்ப் பார்க்கிறீர்கள்? கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வந்து போனால் நிம்மதியாக இருக்காதீர்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், டிரம்முக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. சயான், மாட்டுங்கா பக்கம் சொசைட்டிகளில் இருப்பவர்களும் கேளுங்கள்: மாடித் தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஏறிப் பார்க்க ஏணி வேண்டும் என்று மாநகராட்சி கேட்பது காரணமில்லாமல் இல்லை.

காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. டெங்குவா மலேரியாவா என்று தெரியும் முன்னால் மெடிக்கலில் புரூஃபன், ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். பாராசிட்டமால் போதும்.

கடைசியாக, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா என்றால் காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். ஆனால் கிருமி ஈரலில் ஒளிந்திருக்கும். அதற்காகத்தான் 14 நாளுக்கு ப்ரைமாகுயின் மாத்திரை. கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது, மற்றவர்களுக்கு ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம், அதனால் அடுத்த வீட்டுக்காரர் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். உங்களுடையதை நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். அண்ணாச்சிக்கு இன்று ஆறாம் நாள். உடம்பு தெம்பாகிவிட்டது, மாத்திரை எதற்கு என்று காலையில் போன் பண்ணினார். இன்னும் எட்டு நாள் இருக்கிறது அண்ணாச்சி, போடுங்கள்.