அறுந்தது எந்த முடிச்சு?

ஆய்வகத்தில் சேர்ந்து மூன்றாவது மாதம். ஒரு ஜோடி புரதங்களை டி.என்.ஏ. கயிற்றில் கட்டி, கயிற்றின் முனையில் ஒட்டிய நுண்ணிய காந்த மணியை இழுத்து, அந்த ஜோடி எப்போது பிரிகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மணியின் உயரம் திரையில் கோடாகத் தெரியும். ஊர்ந்துகொண்டிருந்த அந்தக் கோடு சட்டென்று மேலே தாவி நின்றது. "பிணைப்பு விட்டுப்போச்சு!" என்று கத்தினேன். பின்னால் நின்ற மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எது விட்டுப்போச்சு?"

பதில் தெரியவில்லை. மூன்று வாரமாகச் சேர்த்த தரவில் பாதிக்கு மேல், மணி கண்ணாடியில் ஒட்டி ஒட்டி விலகியதன் பதிவுதான் என்று பிறகு புரிந்தது. இன்று புதிதாக வருகிறவர்களிடம் நானும் அதையே கேட்கிறேன்.

இரண்டு புரதங்கள் சேர்வதையும் பிரிவதையும் ஒரு குப்பிக் கரைசலில் அளந்தால் கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரிதான் கையில் கிடைக்கும். ஒரே ஒரு ஜோடியைப் பிடித்து வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் அதைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறுதான் டி.என்.ஏ. ஒரு முனையில் டிகாக்சிஜெனின் என்ற சிறு மூலக்கூறு. அது கண்ணாடித் தளத்தில் பூசிய எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும். மறு முனையில் பயோட்டின் என்ற இன்னொன்று. அது ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய காந்த மணியைப் பற்றிக்கொள்ளும். மேலே இருக்கும் காந்தத்தைக் கீழே இறக்க இறக்க இழுவிசை கூடும். மணியைச் சுற்றித் தெரியும் ஒளி வளையங்களை வைத்து அதன் உயரத்தைச் சில நானோமீட்டர் துல்லியத்தில் கணக்கிடலாம்.

ஏன் டி.என்.ஏ? இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளும் கயிறு வேறு கிடையாது. டி.என்.ஏ. ஏணியின் ஒரு படியான காரஇணைக்கு 0.34 நானோமீட்டர் நீளம். 3,000 காரஇணை என்றால் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்குத் தயாரித்துக்கொள்ளலாம். 1992-இல் ஸ்மித், ஃபின்சி, புஸ்டமான்டே என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒற்றை டி.என்.ஏ.வை காந்த மணி கொண்டு இழுத்துக் காட்டினார்கள். எந்த விசைக்கு எவ்வளவு நீளும் என்பதற்கு 1995-இல் மார்க்கோவும் சிக்கியாவும் சூத்திரம் கொடுத்தார்கள். இழுவிசை 65 பிகோநியூட்டனை (ஒரு பிகோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) எட்டியதும் அது திடீரென்று சுமார் 1.7 மடங்கு நீண்டுவிடும். வேறு எந்த இழையும் இப்படித் தன் அடையாளத்தைத் தானே சொல்வதில்லை.

சிக்கல் முடிச்சுகளில் இருக்கிறது. கண்ணாடி, கயிறு, புரதம், இன்னொரு புரதம், மணி என்று எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து இழுத்தால், ஏதோ ஓரிடத்தில் அறுந்து மணி பறந்துவிடும். அறுந்தது நாம் அளக்க வந்த ஜோடியா, கண்ணாடி ஓரத்து டிகாக்சிஜெனின் முடிச்சா? அந்த எதிர்ப்பொருள் பிடிப்பு நாம் நினைப்பது போல் இரும்புப் பிடி அல்ல. அதோடு ஜோடியும் போய்விடுகிறது. ஒரு முறைக்கு மேல் கேட்க முடியாத கேள்வி.

இதற்கு வழி, இரண்டு புரதங்களுக்கும் இடையில் ஒரு தளர்கயிறு விடுவது. 700 காரஇணை நீளத்தில் விட்டால் அது 238 நானோமீட்டர். புரதங்கள் கைகோத்திருக்கும்போது இந்தத் துண்டு வளையமாகத் தொங்கும். இழுவிசை அதன் மேல் படாது. கை விட்டதும் வளையம் விரிந்து, மணி உயரும். 10 பிகோநியூட்டனில் டி.என்.ஏ. தன் முழு நீளத்தில் சுமார் 95 சதவீதம் விரியும். ஆக தாவல் 227 நானோமீட்டரை ஒட்டி வரவேண்டும். வந்தால் அறுந்தது அந்த ஜோடிதான். விசையைக் குறைத்தால் அதே ஜோடி மறுபடி சேரும். நூறு தடவை கேட்கலாம். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இப்படித் தளர்கயிறு விட்ட டி.என்.ஏ. அமைப்பில் ராப்பமைசின் என்ற மருந்து இரண்டு புரதங்களை ஒட்டவைப்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது.

இனி கவனிக்க வேண்டியவை. முதலில் விசை. காந்தத்தின் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். அதே உயரத்திலும் விசை ஒவ்வொரு காந்த மணிக்கும் வேறுபடும். மணியின் பக்கவாட்டு ஆட்டத்தை அளந்தால் விசை தானாக வந்துவிடும். 1 மைக்ரோமீட்டர் கயிற்றில் 10 பிகோநியூட்டனுக்கு அந்த ஆட்டம் சுமார் 20 நானோமீட்டர். அதைவிட மிகக் குறைவாக ஆடினால் மணி எங்கோ ஒட்டியிருக்கிறது. அடுத்து, ஜோடியில் உள்ள ஒரு புரதத்தையே கயிற்றில் கட்டாமல் கரைசலில் ஊற்றிப் பாருங்கள். அது இடத்துக்குப் போட்டியிடும். ஜோடி சேர்வது குறைய வேண்டும். குறையாவிட்டால் நீங்கள் பார்ப்பது ஜோடியை அல்ல.

பலர் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான். விசை கூடக்கூடப் பிணைப்பின் ஆயுள் அடுக்குமுறையில் குறையும் என்று பெல் என்ற ஆய்வாளர் 1978-இல் சொன்ன விதியைக் கொண்டு, பூஜ்ய விசையில் ஆயுள் இவ்வளவு என்று கோட்டை நீட்டிவிடுகிறோம். எல்லாப் பிணைப்பும் அந்தக் கோட்டுக்கு அடங்காது. இரத்த நாளச் சுவரில் வெள்ளணுக்கள் உருள உதவும் பி-செலெக்டின் என்ற புரதம், ஓரளவு இழுத்தால் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. 2003-இல் இது அளவீட்டிலேயே தெரிந்தது. அதனால் குறைந்தது நான்கைந்து விசைகளிலாவது அளக்காமல் கோட்டை நீட்டாதீர்கள் என்பேன்.

சேரும் வேகத்துக்கும் அதே எச்சரிக்கை. 100 நானோமீட்டர் ஆரத்துக்குள் ஒரு மூலக்கூறைக் கட்டிவைப்பது, அதை 0.4 மைக்ரோமோலார் செறிவுள்ள கரைசலில் போட்டதற்குச் சமம். கயிற்றில் கட்டிய ஜோடி சட்டுசட்டென்று சேர்ந்தால் அதில் கயிற்றின் பங்கும் உண்டு. பிரியும் வேகத்தைத்தான் நான் கூடுதலாக நம்புவேன்.

போன வாரம் ஒரு மாணவி தன் தரவைக் கொண்டுவந்தார். அழகான தாவல்கள், திரும்பத் திரும்ப அதே உயரம். ஆனால் 227 வரவேண்டிய இடத்தில் 90. "புரதம் பாதிதான் விரியுதோ?" என்று கேட்டார். பேசாமல் காந்தத்தை ஒரு சுற்று திருப்பச் சொன்னேன். மணி கீழே இறங்கியது. எதிர்ப்பக்கம் ஒரு சுற்று, அப்போதும் இறங்கியது. ஒற்றைக் கயிறு ஒரு சுற்றுக்கெல்லாம் இப்படிக் குட்டையாகாது. இரண்டு கயிறு கட்டிய மணி அது. முறுக்கியதும் இரண்டும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. அவர் அந்த மணியின் எண்ணைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டு, அடுத்த மணிக்கு நகர்ந்தார். இம்முறை முதலில் காந்தத்தைத் திருப்பினார்.