டைப் 3 சுகர்: கேள்விக்குறி தொலைந்த ஒரு சொல்

உலக சுகாதார நிறுவனத்தின் நீரிழிவு வகைப்பட்டியலில் 'டைப் 3 டயாபடீஸ்' கிடையாது. 2005-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் கேள்வியாக வந்த சொல் அது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் டி லா மான்டே குழுவினர், நினைவும் அறிவாற்றலும் தேய்ந்துபோகும் அல்சைமர் என்ற மூளை நோயோடு இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது அங்கே இன்சுலின் சார்ந்த வேலைகளெல்லாம் மந்தமாகிக் கிடப்பதைப் பார்த்து, இது மூன்றாம் வகை நீரிழிவோ என்று கேட்டார்கள். கேள்விக்குறி வழியில் எங்கோ விழுந்துவிட்டது, சொல் மட்டும் ஊர் சுற்றுகிறது.

டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'ஊடே கடந்து போவது' என்று பொருள். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் சிறுநீராகப் போய்க்கொண்டே இருப்பதால் வந்த பெயர். நம் நீரிழிவும் அதேதான்: இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். அருவி இழியும் என்பது பழைய வழக்கு, கேவலம் என்ற பொருளுக்கு இங்கே வேலையில்லை. மதுமேகம் என்பதில் உள்ள மதுவும், டயாபடீஸ் மெல்லிடஸ் என்ற முழுப்பெயரில் உள்ள மெல்லிடஸ் என்ற லத்தீன் சொல்லும் தேனைக் குறிப்பவை. இலங்கையில் சலரோகம் என்பார்கள், அங்கேயும் நீர்தான். ஆனால் மூளையில் எதுவும் வழிவதில்லை, இனிப்பதும் இல்லை. 'மூன்றாம் வகை நீரிழிவு' என்ற நேர் மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டாததற்கு அதுதான் காரணம்.

சரி, மூளையில் என்னதான் நடக்கிறது? இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, நினைவுகள் பதிகிற இடத்தில் நரம்புச் செல்கள் பேசிக்கொள்ளவும் உதவுகிறது. செல்கள் அதற்குச் செவிசாய்க்காமல் போனால் அந்தப் பேச்சு தடுமாறும். அப்புறம், இன்சுலினைச் சிதைக்கும் நொதியே அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தையும் சிதைக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சினால் நொதி அதிலேயே மாட்டிக்கொள்ள, குப்பை தேங்குகிறது என்பது ஒரு விளக்கம். இன்னொரு பக்கம், பல வருட சுகர் சிறுநீரகத்திலும் கண்ணிலும் செய்கிற வேலையை மூளையின் நுண்குழாய்களிலும் செய்கிறது, இதற்குப் புதுப்பெயர் எதுவும் தேவையில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு, நீரிழிவுள்ளவர்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் இதில் ஒரு வகை) வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 1999-இலேயே சொன்னது. வாய்ப்புதான், விதி அல்ல.

டிமென்ஷியா லத்தீனில் 'மனம் விலகிப்போதல்'. மறதி நோய் என்பது கொஞ்சம் லேசான சொல், ஏனென்றால் மறதியோடு கணக்கு, பேச்சு, வழி தெரிதல், சுபாவம் எல்லாமே போகும். முதுமை மறதி இன்னும் மோசம், வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட வைக்கும். அறிவாற்றல் இழப்பு நீளமானாலும் சரியானது. டைப் 3 என்று சொல்ல வருகிறவர்கள் 'மூளையின் இன்சுலின் மந்தம்' என்றே சொல்லலாம், இது என் யோசனை, அகராதியில் தேட வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தில் இன்னொன்றும் உண்டு: ரிப்போர்ட்டில் 'டைப் 3சி' என்றிருந்தால் அது கணையம் கெட்டதால் வந்த சுகர், மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல சுகர் மாத்திரை போட்டதை மறந்து மறுபடி போட்டுக்கொண்ட பெரியவர் திடீரென்று வேர்த்து, பேச்சுக் குழறினால், அதை டிமென்ஷியா முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் முதலில் சுகரைக் குத்திப் பாருங்கள். அது லோ சுகராக இருக்கலாம்.