ஆய்வுக்கட்டுரையை யார் ‘திரும்பப் பெறுகிறார்கள்’?

ஆய்வுலகச் செய்தி தமிழில் வரும்போதெல்லாம் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது: “சர்ச்சைக்குள்ளான ஆய்வுக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.” நாளிதழ், தொலைக்காட்சி, யூடியூப் அறிவியல் சேனல், எங்கே போனாலும் இதே தொடர்தான். வெளியான கட்டுரையை இனி நம்ப வேண்டாம் என்று ஆய்விதழ் அறிவிப்பதற்கு ஆங்கிலத்தில் ரிட்ராக்‌ஷன் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நடை கொஞ்சம் உறுத்துகிறது என்ற அளவில் இருந்தால் விட்டுவிடலாம். இந்தச் சொல் நடந்ததையே மாற்றிச் சொல்கிறது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வேர். லத்தீனில் ‘ட்ராஹெரே’ என்றால் இழுத்தல். டிராக்டரும் இந்தக் குடும்பம்தான். ‘ரெட்ராஹெரே’ என்றால் பின்னுக்கு இழுத்தல். அதன் பங்காளியான ‘ரெட்ராக்டாரே’ என்பதற்கு மறுபடி எடுத்துப் பார்த்தல் என்றும் பொருள் உண்டு. கிறிஸ்தவ இறையியலாளர் புனித அகஸ்டின் தம் கடைசிக் காலத்தில், கி.பி. 427 வாக்கில், அதுவரை எழுதியதையெல்லாம் மீண்டும் படித்துச் சரிபார்த்து எழுதிய நூலின் பெயர் இந்த இரண்டாவது சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வேர்க்கதை இவ்வளவு போதும். இன்றைக்கு ஆய்விதழ்கள் எந்தப் பொருளில் ஆள்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டும்.

வெளியாகிவிட்ட ஒரு கட்டுரையின் தரவையோ முடிவையோ இனி நம்ப முடியாது என்று தெரியவந்தால், ஆய்விதழ் அதைப் பகிரங்கமாக அறிவிக்கிறது. காரணம் நேர்மையான தவறாக இருக்கலாம், இட்டுக்கட்டிய தரவாக இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம். 1997-இல் பிரிட்டனில் இதழாசிரியர்கள் சிலர் கூடித் தொடங்கிய ‘கோப்’ என்ற வெளியீட்டு நெறி அமைப்பு இதற்கு விதிமுறை வகுத்திருக்கிறது. பதிவைச் சரிசெய்வதே நோக்கம், கட்டுரையாளரைத் தண்டிப்பது அல்ல என்று அது சொல்கிறது. அறிவிப்பை வெளியிடுவது யார், ஏன் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். கட்டுரையை எடுத்துவிடக் கூடாது. அது இருந்த இடத்திலேயே, நம்பத்தகாதது என்ற அடையாளத்தோடு இருக்க வேண்டும்.

கட்டுரை அங்கேயே இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போடப் பார்த்த பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் மருத்துவ இதழின் தளத்தில் இன்றும் திறந்து படிக்கலாம். 12 குழந்தைகளைப் பற்றிய அதே பத்திகள், அதே அட்டவணைகள். பக்கத்தின் குறுக்கே பெரிய சிவப்பு எழுத்தில் ‘ரிட்ராக்டட்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. திரும்பப் பெற்றிருந்தால் அது அங்கே எப்படி இருக்கும்?

தமிழில் ‘திரும்பப் பெறுதல்’ என்பதற்குப் பொருள் குழப்பமே இல்லை. வேட்புமனுவைத் திரும்பப் பெறுகிறோம், வழக்கைத் திரும்பப் பெறுகிறோம். கொடுத்தவரே வாங்கிக்கொள்கிறார், வாங்கிய பிறகு அந்த மனு களத்தில் இல்லை. ஆய்வுலகிலும் இதற்கு நேரான செயல் ஒன்று உண்டு. இதழுக்கு அனுப்பிய கட்டுரையை, அது வெளியாகும் முன்பே, எழுதியவர் “வேண்டாம், கொடுத்துவிடுங்கள்” என்று வாங்கிக்கொள்வது. ஆங்கிலத்தில் அது வித்ட்ராயல். அதற்குத்தான் ‘திரும்பப் பெறல்’ அச்சாகப் பொருந்துகிறது. அந்தச் சொல்லை ரிட்ராக்‌ஷனுக்குக் கொடுத்துவிட்டால் வித்ட்ராயலுக்கு என்ன சொல்வது? இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், வெளியாவதற்கு முன்பே மனம் மாறியவரும், வெளியாகிப் பல வருடம் கழித்துப் பிடிபட்டவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

அடுத்த கேடு இன்னும் பெரியது. “வேக்ஃபீல்ட் தன் ஆய்வைத் திரும்பப் பெற்றார்” என்று தமிழில் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் செய்யவே இல்லை. 2004-இல் 13 கட்டுரையாளர்களில் 10 பேர், அந்த ஆய்விலிருந்து எடுத்த விளக்கத்தை மட்டும் கைவிடுவதாக அறிவித்தார்கள். அந்தப் பத்தில் வேக்ஃபீல்ட் இல்லை. 2010 பிப்ரவரியில் முழுக் கட்டுரையையும் தள்ளியது லான்செட். குழந்தைகள் எப்படித் தேர்வானார்கள் என்பது பற்றியும், நெறிக்குழு ஒப்புதல் பற்றியும் கட்டுரை சொன்னவை பொய் என்று அதற்குக் காரணமும் சொன்னது. பிடிவாதமாக நின்ற ஒருவரை மனம் திருந்தியவராகக் காட்டிவிடுகிறது ஒரு மொழிபெயர்ப்பு. “பெறப்பட்டது” என்று செயப்பாட்டு வினையில் எழுதினாலும் தப்ப முடியாது. யார் செய்தது என்பதை அது மூடி மறைக்கிறது. அறிவிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி சொல்லும் தகவலே அதுதான்.

மாற்றாகச் சொல்லப்படும் சொற்களையும் பார்ப்போம். ‘வாபஸ்’ பழைய கதையேதான், உடை மட்டும் வேறு. தனித்தமிழ் அன்பர்கள் ‘மீளப்பெறல்’ என்கிறார்கள். தூய்மையான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் பிழையும் அதே தூய்மையோடு அப்படியே இருக்கிறது. பிறமொழி எழுத்து கலக்கவில்லை என்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. ‘பின்வாங்கல்’ என்றால் படையோ ஆளோ பின்னால் போவது. கட்டுரை எப்படிப் பின்வாங்கும்? ‘நீக்கம்’ நேர் எதிரான பொருளைத் தருகிறது. ‘ரத்து’ கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் உரிமம் ரத்து, பட்டம் ரத்து என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது தண்டனையாகவே ஒலிக்கும்.

நமக்கு வேண்டிய சொல் பேச்சுவழக்கில் ஏற்கெனவே இருக்கிறது: செல்லாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் ‘செல்லாது’ என்றார்கள். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து ‘திரும்பப் பெறுவதாக’ அறிவித்தது. ஆனால் அது செல்லும் என்றும் சொன்னது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கடைத்தெருவில் யாருக்கும் விளக்காமலே புரிந்தது. கட்டுரைக்கு நேர்வது முதல் வகை. தாள் கையில் இருக்கிறது, மதிப்பு போய்விட்டது.

ஆகவே ரிட்ராக்‌ஷன் என்பதற்குச் ‘செல்லாமை அறிவிப்பு’. அப்படி அறிவிக்கப்பட்டது ‘செல்லாக் கட்டுரை’. செல்லாக்காசு என்று சொல்கிறோமே, அதே அமைப்புதான். வினையாக வேண்டுமென்றால் “செல்லாது என அறிவித்தது”. இப்படி எழுத உட்கார்ந்தால் எழுவாய் தானாக வந்து நிற்கும். 2020-இல் கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைத் தருவது பற்றி லான்செட்டில் வந்த கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள் என்று சொல்லிக்கொண்ட அந்தத் தரவைச் சார்பற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்க முடியாமல் போனது. தரவு தந்த நிறுவனத்தின் தலைவரும் அதில் ஒரு கட்டுரையாளர். மற்ற மூவரும் கேட்டுக்கொள்ள, வெளியான இரண்டே வாரத்தில், ஜூன் 4-ஆம் தேதி, கட்டுரை செல்லாமல் போனது. “மூவர் கேட்டுக்கொண்டதால் செல்லாது என லான்செட் அறிவித்தது” என்று ஒரே வரியில் உள்ளது உள்ளபடி எழுத முடிகிறது.

இதற்கு மறுப்பாக நண்பர்கள் ஃபிரான்சஸ் அர்னால்டைக் காட்டுவார்கள். 2018-இல் வேதியியல் நோபல் பெற்றவர். 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த தம் குழுவின் கட்டுரை முடிவுகளை மறுபடி செய்துகாட்ட முடியவில்லை என்றும், ஆகவே கட்டுரையை ரிட்ராக்ட் செய்துவிட்டதாகவும் 2020 ஜனவரியில் அவரே வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். இவரைப் போன்றவருக்குத் ‘திரும்பப் பெற்றார்’ என்பதுதானே மரியாதை, ‘செல்லா’ என்பது வசையாக ஒலிக்கிறதே என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பில் வலுவான வாதம் இது ஒன்றுதான். ஆனாலும் அங்கேயும் கட்டுரை இதழை விட்டு எங்கும் போகவில்லை. செல்லாதது கட்டுரை, எழுதியவர் அல்ல. “தம் கட்டுரை செல்லாது என அர்னால்டே அறிவித்தார்” என்று படித்துப் பாருங்கள். அவருடைய நேர்மை அதில் ஒரு துளியும் குறையவில்லை.

இந்தத் துறையின் மற்றச் சொற்களும் இதே கதிதான். கட்டுரையில் ஏதோ இடிக்கிறது, விசாரணை முடியவில்லை, எச்சரிக்கையோடு படியுங்கள் என்று ஆய்விதழ் போடும் குறிப்புக்கு ஆங்கிலத்தில் எக்ஸ்பிரஷன் ஆஃப் கன்சர்ன் என்று பெயர். அதைத் தமிழில் “ஆய்விதழ் கவலை தெரிவித்தது” என்கிறார்கள். வெள்ளச் சேதத்துக்கு அமைச்சர் கவலை தெரிவிப்பார். இதழ் தெரிவிப்பது ஐயம். ‘ஐயக் குறிப்பு’ என்றால் போதும். எர்ராட்டம், காரிஜெண்டம் இரண்டுக்கும் ‘பிழைதிருத்தம்’ இருக்கிறது. முன்னது பதிப்பகத்தார் செய்த பிழைக்கு, பின்னது கட்டுரையாளர் செய்ததற்கு என்பது பொதுவான வழக்கம். பிரித்துக் காட்ட வேண்டுமானால் ‘பதிப்பாளர் பிழைதிருத்தம்’, ‘கட்டுரையாளர் பிழைதிருத்தம்’ என்று எழுதலாம். புதுச்சொல் எதுவும் தேவையில்லை.